வீட்டில் ஊறுகாய் போடுவதில் அப்படி என்ன திருப்தி கிடைக்கிறது?

எல்லா ஊறுகாயும் கடையில் பாட்டிலில் கிடைக்கும்போது எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். காசு மிச்சம், உடம்புக்கு நல்லது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நல்ல மாவடு, அதாவது பிஞ்சு மாங்காய், மலிவில்லை. வீட்டில் போட்டாலும் உப்பு உப்புதான். எனக்குத் திருப்தி வேறு இடத்தில் கிடைக்கிறது. மாவடுவை வைத்தே சொல்கிறேன்.

மாசிக் கடைசியில் வடு வரும், பங்குனி போனால் கொட்டை முற்றிவிடும். அந்தச் சில வாரங்கள்தான். மதுரைப் பக்கம் அழகர்மலை வடு என்றால் தனி மவுசு. உருண்டையாக, கெட்டியாக, காம்போடு இருப்பதாகப் பார்த்துப் பொறுக்குவேன். அடிபட்டது ஒன்று உள்ளே போனாலும் மற்றதையும் கெடுத்துவிடும்.

கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெய் விட்டுப் பிசற வேண்டும். நான் ஒரு கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு போடுவேன். மிளகாய்ப்பொடி, கடுகுப்பொடி, மஞ்சள்பொடி எல்லாம் அவரவர் காரத்துக்கு. ஜாடியில் அடுக்கடுக்காகப் போட்டு, வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டினால் நம் வேலை முடிந்தது.

முதல் நாள் ஜாடியைக் குலுக்கினால் வடு கடகடவென்று உருளும். மறுநாள் பார்த்தால் அடியில் தண்ணீர் விட்டிருக்கும். நாம் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை, உப்பு வடுவுக்குள்ளிருந்து இழுத்த நீர் அது. காலையும் மாலையும் குலுக்கக் குலுக்க அந்தக் கடகட சத்தம் அடங்கி, சளக் சளக் என்று கேட்கும். பச்சை நிறம் மங்கும், தோல் சுருங்கும். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். மற்ற சமையலில் அடுப்பைக் கூட்டலாம், குக்கரில் விசில் விடலாம். இதில் அவசரப்படுத்த வழியே கிடையாது. வேடைப் பிரித்து மணம் பார்த்து, ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு வருவேன். அந்த இரண்டு நிமிடம் மனசு வேறெங்கும் ஓடாது. சாப்பிடும்போது வரும் சந்தோஷத்தைவிட இந்த நாட்கள் தரும் நிறைவு எனக்குப் பெரிது.

அப்புறம், கொடுப்பது. தங்கைக்கு ஒரு பாட்டில், எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு பாட்டில் என்று எடுத்து வைத்த பிறகுதான் எங்களுக்கு. நன்றாகச் சுருங்கிய வடுவைத் தயிர்சாதத்தோடு கடிக்கும்போது நறுக்கென்று இருக்க வேண்டும்.

நீங்களும் செய்து பார்ப்பதென்றால் அரைக் கிலோவில் தொடங்குங்கள். பீங்கான் ஜாடியோ கண்ணாடி பாட்டிலோ போதும், எவர்சில்வர் வேண்டாம். ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது. வடு தீர்ந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பச்சை மிளகாயைக் கீறி அதில் போட்டு வையுங்கள், சில நாளில் அதுவும் மோர்சாதத்துக்கு ஆகிவிடும்.