தாத்தாவின் சிலோன் பணம் இந்திய ரூபாயில் எவ்வளவு?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் தாத்தா ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1968 பிப்ரவரியில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்து இறங்கினார். அவருடைய தகரப்பெட்டியில், சேமலாப நிதி (இங்கே பி.எஃப். என்பது) 2,850 ரூபாய் என்று அந்த மாதத் தேதி போட்ட ஒரு சீட்டு இருக்கிறது. குடும்ப வரலாறு எழுதுகிறேன். அது இந்திய ரூபாயில் எவ்வளவு? இணையத்தில் போட்டால் எண்ணூறு சொச்சம்தான் காட்டுகிறது."

அந்த எண்ணூறை முதலில் அடித்துவிடுங்கள். அது இன்றைய விகிதம். உங்கள் தாத்தா கொண்டுவந்தது 3,591 இந்திய ரூபாய். அதாவது சீட்டில் இருப்பதைவிட அதிகம். நம்ப முடியாமல் இருக்கும், ஆனால் அந்தச் சில வருடங்களில் சிலோன் ரூபாய் நம் ரூபாயைவிட மதிப்பு கூடியதாக இருந்தது.

எப்படி என்று சொல்கிறேன். 1966 ஜூன் வரைக்கும் இரண்டு ரூபாயும் சரிசமம். வெள்ளைக்காரன் காலத்திலேயே சிலோன் ரூபாய் இந்திய ரூபாயோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இரண்டு நாடுகளும் தங்கள் பணத்தை ஒரே அளவுக்குக் குறைத்தன, இரண்டிலும் ஒரு டாலர் 4.76 ரூபாய் ஆனது. 1950இல் கொழும்பில் மத்திய வங்கி தொடங்கி சிலோன் தனக்கென்று நாணயக் கொள்கை வைத்துக்கொண்ட பிறகும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு மாறவில்லை. அதனால் பெட்டியில் 1965 தேதியிட்ட மணியார்டர் ரசீது ஏதாவது கிடைத்தால் அதற்குக் கணக்கே வேண்டாம், அங்கே 60 ரூபாய் என்றால் இங்கேயும் 60 ரூபாய்தான்.

1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்து டாலரை 7.50 ஆக்கியது. சிலோன் அசையவில்லை, 4.76லேயே நின்றது. 7.50ஐ 4.76ஆல் வகுத்தால் ஒரு சிலோன் ரூபாய்க்கு ஒரு ரூபாய் ஐம்பத்தேழரைக் காசு. இது ஒன்றரை வருடம்கூட நீடிக்கவில்லை. 1967 நவம்பரில் பவுண்ட் மறுபடி இறங்க, இந்த முறை இந்தியா சும்மா இருக்க, சிலோன் தன் பணத்தை 20 சதவீதம் குறைத்தது. டாலர் அங்கே 5.95. இப்போது 7.50ஐ 5.95ஆல் வகுத்தால் 1.26. உங்கள் தாத்தா வந்தது இந்தக் கட்டத்தில்: 2,850 × 1.26 = 3,591. இதே சீட்டு 1967 பிப்ரவரியில் எழுதப்பட்டிருந்தால் 4,488 ரூபாய் வந்திருக்கும். இந்தியா திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த குடும்பங்களுக்கு ஒரு வருடத் தாமதம் எவ்வளவு பெரிய நஷ்டம் என்று இதிலேயே தெரிகிறது. எனக்கு இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் மனசு கனக்கும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 1968 மே மாதம் சிலோன் அரசு அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பல வகைச் செலாவணிக்கு 5.95 போதாது, அதற்கு மேல் 44 சதவீதம் கொடுத்து இந்தச் சான்றிதழையும் வாங்க வேண்டும். ஆக ஒரே நாளில் ஒரே நாட்டில் இரண்டு விகிதம். பழைய விகிதத்தில் 1.26, சான்றிதழோடு என்றால் 87.5 காசு. பிறகு அந்த 44ஐயும் உயர்த்தினார்கள். உங்கள் சீட்டு பிப்ரவரி தேதியோடு இருப்பதால் இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. ஆனால் மே மாதத்துக்குப் பிறகு வந்த சொந்தக்காரர்களின் காகிதங்களைப் பார்த்தால், வங்கிச் சீட்டில் சான்றிதழுக்கென்று தனியாக ஒரு தொகை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், அது தெரியாமல் பெருக்காதீர்கள்.

1977 நவம்பரில் இலங்கை இந்த இரட்டை விகிதத்தை ஒழித்து டாலரை 16 ரூபாயில் வைத்து மிதக்கவிட்டது, அதாவது சந்தைக்கேற்ப மாற விட்டது. அன்றைக்கு ஒரு இலங்கை ரூபாய் நம் அரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதற்கப்புறம் இறக்கம்தான்.

எழுபதுகளுக்குப் பிந்தைய தேதி என்றால் இரண்டு நாட்டு டாலர் விகிதத்தையும் தனித்தனியாக எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுப்பதுதான் வழி. இந்தியப் பக்கத்துக்கு ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேடு, அந்தப் பக்கத்துக்கு இலங்கை மத்திய வங்கியின் ஆண்டறிக்கை. வருடச் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1966க்கு இந்தியாவின் சராசரி என்று 6.36 போல ஒன்று வரும். அந்த விலைக்கு ஒருவரும் டாலர் வாங்கியதில்லை, அது 4.76ஐயும் 7.50ஐயும் கலந்து வந்த எண். மதிப்பு மாறிய வருடங்களில் சீட்டின் தேதியைப் பார்த்து, அது மாற்றத்துக்கு முன்னாலா பின்னாலா என்று முடிவு செய்யுங்கள்.

இன்றைய மதிப்பையும் எழுத நினைத்தால், முதலில் அன்றைய விகிதத்தில் இந்திய ரூபாயாக்கி, அதன் பிறகு இந்திய விலைவாசியை வைத்துப் பெருக்குங்கள். பணம் செலவானது இங்கேதானே. தாத்தா வந்த புதிதில் வாங்கிய நிலத்தின் பத்திரமோ வீட்டுக் கணக்கு நோட்டோ இருந்தால் இன்னும் நல்லது, 3,591 ரூபாய் அன்றைக்கு என்ன வாங்கியது என்று அதிலேயே இருக்கும். கையில் வந்த தொகை நாலைந்து ரூபாய் குறைந்திருந்தால் குழம்ப வேண்டாம், அது வங்கியின் கமிஷனாக இருக்கும்.