கோம்பேயில் குறிப்பெழுதியவர்கள்

அன்புள்ள ஐயா,
ஜேன் குடால் பட்டம் எதுவும் இல்லாமல்தான் 26 வயதில் சிம்பன்சிகளைத் தேடிக் காட்டுக்குப் போனார். தன்னந்தனியாக அத்தனையும் சாதித்தார். நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவன். வகுப்பறையில் காலத்தை வீணடிக்கிறேனோ என்று தோன்றுகிறது. படிப்பை விட்டுவிடலாமா?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். பட்டமில்லாமல் குடாலை அனுப்பிவைத்த அதே தொல்மானிடவியலாளர் லூயி லீக்கிதான் பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்கும் சேர்த்துவிட்டார். பாதிக் கதையை வைத்துக்கொண்டு வாழ்க்கையை முடிவு செய்யாதீர்கள்.

ஆனால் 'தன்னந்தனியாக' என்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. 2025 அக்டோபரில் அவர் மறைந்தபோது நான் வாசித்த அஞ்சலிகளிலும் இதே படம்தான்: காடு, ஒரு வெள்ளைக்காரப் பெண், சிம்பன்சிகள். வேறு மனிதர்களே இல்லை. 1960 ஜூலையில், இன்றைய தான்சானியாவில் தங்கானிக்கா ஏரிக்கரையிலுள்ள கோம்பே காட்டில் இறங்கியபோதே அவருடைய அம்மா கூட இருந்தார். அதையாவது சிலர் சொல்வதுண்டு. தான்சானியப் பணியாளர்களை யார் சொல்கிறார்கள்?

டேவிட் கிரேபியர்ட் என்று அவர் பெயரிட்ட சிம்பன்சி புற்றுக்குள் புல்தண்டை நுழைத்து, அதைக் கவ்விய கரையான்களை உருவித் தின்றதைக் கண்டது குடாலின் கண்தான். மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற காட்சி அது. அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன். ஆனால் 1974 ஜனவரியில், கசகேலா என்ற சிம்பன்சிக் குழுவின் ஆண்கள் கூட்டமாகப் போய், அதிலிருந்து பிரிந்து சென்ற கஹாமா குழுவின் 'கோடி' என்ற ஆண் சிம்பன்சியைக் கீழே தள்ளி அடித்துக் கடித்ததைப் பார்த்தவர் தான்சானியப் பணியாளர் ஹிலாலி மடாமா. சிம்பன்சிகள் தம் இனத்தையே வேட்டையாடிக் கொல்லும் என்ற அறிதல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறதா?

மறு ஆண்டு மே மாதம் ஏரிக்கு அக்கரையிலிருந்து வந்த ஆயுதக்குழு நான்கு இளம் ஆய்வாளர்களைக் கடத்திப் போனது. பிற்பாடு விடுவித்தார்கள். ஆனால் வெளிநாட்டு மாணவர்கள் கிளம்பிவிட்டார்கள், குடாலாலும் அங்கே தங்க முடியவில்லை. அப்போதும் விடியுமுன் சிம்பன்சி உறங்கும் மரத்தடிக்குப் போய், அது எழுந்ததும் பின்தொடர்ந்து, அந்தியில் புதுக்கூடு கட்டும்வரை ஸ்வாஹிலியில் எழுதிவைத்தார்கள் அந்த ஊர்க்காரர்கள். எதைத் தின்றது, யாரோடு திரிந்தது, யாருக்குப் பேன் பார்த்தது, எல்லாம். அப்புறமும் சில ஆண்டுகள் நீடித்த அந்த இரு சிம்பன்சிக் குழுக்களின் போரைப் பற்றிய பதிவு அறுபடாமல் கிடைத்தது அவர்களால்தான். 'உதவியாளர்கள்' என்று ஒரே வரியில் அவர்களைக் கடந்துபோவது அநியாயம். கோபமாகவே சொல்கிறேன்.

உங்கள் மேல் கோபமில்லை, தம்பி. காட்டை நினைத்துத் தூக்கம் கெடுகிற வயது நல்ல வயது. விடுமுறையில் ஏதாவது ஒரு கள ஆய்வுக் குழுவோடு போய்வாருங்கள். அங்கே வழிகாட்டுகிறவரின் பெயரை முதல் நாளே கேட்டு, உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.