தாய்மாமன் மடியும் முனீஸ்வரன் கிடாவும்

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 54. விழுப்புரம் மாவட்டத்தில் மூன்று ஏக்கரில் நெல்லும் மணிலாவும் பயிரிடுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் வள்ளலார் வழி நிற்கும் சன்மார்க்க அன்பர்களின் பழக்கத்தால் புலால் உண்பதை விட்டேன். வருகிற ஆவணியில் என் தங்கை மகனுக்கு, அவர்கள் குலதெய்வமான அய்யனார் கோயிலில் காதுகுத்து. அங்கே முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டுவார்கள் என்பதால், கொலை நடக்கும் இடத்தில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தாய்மாமன் மடியில்லாமல் எப்படிக் காது குத்துவது என்று தங்கை அழுகிறாள். "மணிலாவுக்கு மருந்தடித்துப் புழுவைக் கொல்கிறவர், வரப்பில் எலிக்கு விஷம் வைக்கிறவர், கிடாவுக்கு மட்டும் இரக்கப்படுகிறாரா?" என்று மாப்பிள்ளை கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "கசாப்புக் குடும்பத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டேன்" என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். அன்று முதல் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. என் அகிம்சை பொய்யா? நான் போகலாமா, கூடாதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மாப்பிள்ளையின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அவர் குத்தலாகக் கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இந்த நாட்டில் கொல்லாமையைப் பேசியவர்கள் யாரும் அதைத் தாண்டிப் போக முடிந்ததில்லை.

"கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" என்ற சொலவடையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தவம் செய்துகொண்டிருந்தவர்மேல் கொக்கு எச்சமிட, அவர் முறைத்த பார்வையிலேயே அது எரிந்து விழுந்தது. அந்தப் பெருமையோடு பிச்சைக்குப் போனவரை, கணவருக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்த வாசுகி காக்க வைத்து இப்படிக் கேட்டாள் என்பதோடு நம் ஊரில் கதை முடிந்துவிடும். இதே கதை மகாபாரதத்தின் வன பருவத்தில் வேறு பெயர்களோடு வருகிறது. அங்கே அது இன்னும் நெடுந்தூரம் போகிறது. கௌசிகன் என்ற அந்த அந்தணனை, அவன் கோபத்தைக் கண்டுகொண்ட இல்லத்தரசி, தருமம் கற்றுக்கொள்ள மிதிலைக்கு அனுப்புகிறாள். மிதிலையில் அவன் தேடிப் போன ஆசிரியர் அமர்ந்திருந்த இடம் ஓர் இறைச்சிக் கடை. தருமவியாதர் என்று பெயர் பெற்ற அவர், தாம் கொல்வதில்லை என்றும் பிறர் கொன்றதை விற்பதாகவும், தாம் இறைச்சி உண்பதில்லை என்றும் சொல்லிவிட்டு, நீங்கள் இப்போது நின்று தவிக்கிற இடத்துக்கே வருகிறார். உழவை நல்ல தொழில் என்று எல்லோரும் சொன்னாலும், கலப்பை கீறும் மண்ணுக்கடியில் எத்தனையோ உயிர்கள் மடிகின்றன. நெல் முதலான விதைகளிலும் உயிர் இருக்கிறது. நடப்பவன் காலடியிலும் உயிர்கள் சாகின்றன. கொல்லாமையையே விரதமாகக் கொண்ட துறவிகளும் தீங்கு செய்தே வாழ நேர்கிறது, ஆனால் அவர்களுடைய முயற்சியால் அது குறைகிறது என்பது அவர் வாதம். நீங்கள் வசவாக எடுத்து வீசிய சொல்லுக்கு உரியவர் ஒருவர் இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறார் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

தீங்கு குறைகிறது என்று அவர் சொன்னார். ஒழிகிறது என்று சொல்லவில்லை. எங்கே, எப்படிக் குறைப்பது என்பதை மிக நுணுக்கமாக வகுத்தவர்கள் சமணர்கள். துறவிக்கு முழுமையான மகாவிரதம், இல்லறத்தாருக்கு அளவான அணுவிரதம் என்று அவர்கள் முதலிலேயே பிரித்துவிட்டார்கள். இல்லறத்தாருக்கு நேரும் இம்சையையும் நான்காகப் பிரித்தார்கள். கொல்ல வேண்டும் என்று கருதியே செய்வது சங்கல்பி. அடுப்பு மூட்டுவது, வீடு பெருக்குவது, தண்ணீர் இறைப்பது போன்ற வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்பி. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்யோகி. தாக்க வருகிறவரைத் தடுக்கும்போது நேர்வது விரோதி. இவற்றில் முதலாவதை இல்லறத்தார் அறவே விட வேண்டும். மற்ற மூன்றையும் விழிப்போடு இருந்து இயன்றவரை குறைக்க வேண்டும். கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்வதையே அவர்களுடைய அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரம் இம்சை என்று வரையறுக்கிறது.

இது ஏட்டுப் பாகுபாடு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மாவட்டத்திலும் பக்கத்தில் வந்தவாசி வட்டாரத்திலும் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்துவரும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு நயினார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு முறை போயிருந்தேன். பொழுது சாயுமுன் கடைசிப் பந்தியும் எழுந்து, விளக்கேற்றும் நேரத்தில் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்; விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழக் கூடாதாம். ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்த எனக்கு வாழைப்பழம்கூடக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். மறுநாள் காலையில், அந்த வீட்டு அம்மா கிணற்று நீரை மடித்த துணியில் வடிகட்டிவிட்டு, துணியைத் திருப்பிப் பிடித்து அதில் தங்கியதைச் சிறிது நீரால் அலசி, அதே கிணற்றிலேயே பதமாக இறக்கிவிட்டதைப் பார்த்தேன். வேறு நீரில் விட்டால் அந்தச் சிற்றுயிர்கள் பிழைக்காது என்றார். அவருடைய கணவரோ அன்று காலையே ஏரோட்டப் போயிருந்தார். ஏர்முனையில் உயிர்கள் மடிவது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாததல்ல; அதனால் துணியை அலசுவது வீண் என்றும் அவர்கள் நினைக்கவில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், முனீஸ்வரனுக்கு வெட்டும் கிடா சங்கல்பியில் சேரும். மணிலா வயலில் புழு சாவது உத்யோகியில் சேரும். இரண்டையும் மாப்பிள்ளை ஒரே தட்டில் வைத்தது சரியில்லை. ஆனால் வரப்பில் வைக்கும் எலி விஷம் எதில் சேரும்? அது எலி சாக வேண்டும் என்று கருதியே நீங்கள் வைப்பது. தொழில் என்ற குடைக்குள் அதை முழுவதும் அடக்க எனக்கு மனம் வரவில்லை. விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சாகக்கூடும். வரப்பு பெருத்திருந்தால் எலிக்கு அது வீடு என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்; அதைச் செதுக்கிச் சிறிதாக்குவதும், வயலில் ஆங்காங்கே பறவை உட்காரக் குச்சி நடுவதும் உங்கள் கைக்கு எட்டிய வேலைகள். ஆந்தை எலியைக் கொல்லாதா என்று மாப்பிள்ளை கேட்பார். கேட்கட்டும், ஆந்தையின் பசி உங்கள் விரதத்துக்குள் வராது. மணிலாவில் சிவப்புக் கம்பளிப் புழுவுக்கும் இப்படியே ஒரு வழி உண்டு. கோடை மழைக்குப் பின் அந்துப்பூச்சி இலைகளில் குவியலாக முட்டையிட்டதும் அந்த இலைகளைத் தேடிக் கிள்ளி அழித்துவிட்டால், பிறகு வயல் முழுவதும் மருந்தடிக்க நேர்வது குறையும். அதுவும் கொலைதான், மறுக்கவில்லை. ஆனால் தேனீயும் பொறிவண்டும் சிலந்தியும் தப்பிக்கும். இவ்வளவையும் மாப்பிள்ளையிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். "நீங்கள் கேட்டது நியாயம், எலி விஷத்தை நிறுத்திவிட்டேன்" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

இனி, நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியதும் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவதுமான அந்த வசவுக்கு வருகிறேன். திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம், இன்னா செய்யாமை 32ஆம் அதிகாரம், கொல்லாமை 33ஆம் அதிகாரம். மூன்றும் துறவறவியலில் இருக்கின்றன. இனியவை கூறல் 10ஆம் அதிகாரம். அது இல்லறவியலில் இருக்கிறது. வீட்டில் இருப்பவனுக்குப் புலால் மறுத்தல் தேவையில்லை என்று வள்ளுவர் சொல்லிவிட்டதாக இதைத் திரித்துப் படிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும், மனைவி மக்களோடும் சம்பந்திகளோடும் இருந்து பழகுகிறவன் நாக்கைப் பழக்கிக்கொண்ட பிறகு மற்றதற்கு வரட்டும் என்ற ஒரு வரிசை அதில் இருப்பதாகவே நான் படிக்கிறேன். "எனைத்தானும் எஞ்ஞான்றும் யார்க்கும் மனத்தானாம் மாணாசெய் யாமை தலை" என்று இன்னா செய்யாமையிலும் அவர் தீங்கை மனத்தளவிலேயே மறிக்கிறார். நீங்கள் ஆறு ஆண்டுகளாக ஒரு கோழியைக்கூடத் துன்புறுத்தாமல் இருந்திருக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில் உங்கள் தங்கையின் புகுந்த வீடு முழுவதையும் அடித்துவிட்டீர்கள். அந்த வீட்டில் நாளைக்கும் வாழப் போகிறவள் அவள். ஆவணி வரை காத்திருக்காமல் இந்த வாரமே நேரில் போய், மாப்பிள்ளையிடமும் அவருடைய தாயாரிடமும் அந்தச் சொல்லுக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு வாருங்கள். காதுகுத்தைப் பற்றி அன்று பேச வேண்டாம்.

கண்டிப்பாக இருப்பதே உயர்ந்த நெறி என்று தோன்றலாம். புத்தர் காலத்தில் தேவதத்தனுக்கும் அப்படித் தோன்றியது. துறவிகள் யாரும் மீனும் இறைச்சியும் உண்ணக் கூடாது என்பது உட்பட ஐந்து கட்டுப்பாடுகளை எல்லோருக்கும் விதியாக்க வேண்டும் என்று அவன் கேட்டபோது புத்தர் மறுத்துவிட்டார். தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்த்திருந்தால், கேட்டிருந்தால், ஐயுற்றிருந்தால் மட்டும் பிக்கு அதை ஏற்கக் கூடாது என்ற தம் விதியிலேயே நின்றார். விரும்புகிறவர் கடுமையாக இருந்துகொள்ளலாம், பிறர்மீது திணிக்க வேண்டாம் என்பது அதன் பொருள். அந்தக் கோரிக்கையை வைத்தே தேவதத்தன் துறவிகளின் சங்கத்தைப் பிளந்தான் என்று பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூல்கள் சொல்கின்றன.

நீங்கள் போற்றும் வள்ளலாரின் வடலூரிலேயே இதைப் பார்க்கலாம். சத்திய ஞான சபை வாசலில், கொலையும் புலையும் தவிர்த்தவர்களே உள்ளே வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதற்கு முன்பே, 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி, அவர் தொடங்கிய தருமச்சாலையில் பசித்து வருகிறவரிடம் நேற்று என்ன தின்றாய் என்று யாரும் கேட்பதில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. உங்கள் உணவு, உங்கள் கை, உங்கள் வழிபாடு ஆகியவற்றுக்குச் சபையின் விதியை வைத்துக்கொள்ளுங்கள். தங்கை வீட்டுக்குச் சாலையின் வழக்கம் போதும்.

போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். நீங்கள் போகிற கோயிலின் அய்யனாரே புலால் ஏற்காத தெய்வம். கிடாவும் சேவலும் அவருடைய பரிவார தெய்வங்களுக்குத்தான். பலி நடக்கும் நேரத்தில் அய்யனார் சன்னதிக்குத் திரை போட்டு மறைப்பது பல ஊர்களில் வழக்கம். திரைக்குப் பின்னால் அவர் தம் விரதத்தோடு இருக்கிறார். முனீஸ்வரனை எல்லையை விட்டு விரட்டுவதும் இல்லை, கிடா கொண்டுவந்தவர் பிள்ளைக்குத் திருநீறு மறுப்பதும் இல்லை. மொட்டையையும் காதுகுத்தையும் காலையிலேயே முடித்துக்கொள்ளலாமா என்று தங்கையிடம் கேளுங்கள். கிடாவுக்கு மாலை போட்டுத் தண்ணீர் தெளிக்கும் நேரத்தில் எழுந்து குளத்தங்கரைப் பக்கம் போய்விடுங்கள். பொங்கல் வைத்த பானையிலிருந்து உங்களுக்கு ஓர் இலை தனியே போட அவளுக்குத் தெரியாதா?

கிடாவுக்குப் பதில் பூசணிக்காய் வெட்டச் சொல்லலாமே என்று சன்மார்க்க அன்பர்கள் சிலர் உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். மாவினால் செய்த கோழியைப் பலி கொடுத்த மன்னன் பல பிறவிகள் துன்புற்றதாகத் தமிழ்ச் சமணக் காப்பியமான யசோதர காவியம் சொல்கிறது. கொல்லும் எண்ணம் இருந்தாலே வினை சேரும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை; பூசணிக்காயால் ஓர் ஆடு பிழைக்குமானால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த நேர்த்திக்கடன் உங்களுடையது அல்ல. மாப்பிள்ளையின் தாயாரிடம், பேச்சு இயல்பான பிறகு, ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். நீங்கள் வருவதற்கு அதை நிபந்தனையாக வைக்காதீர்கள்.

தாய்மாமன் சீரோடு மடியில் போட்டுக்கொள்ள ஒரு பழைய துண்டையும் எடுத்துப் போங்கள். பத்தர் கம்பியை எடுத்ததுமே பிள்ளை வீறிட்டு உதைக்கும். அதன் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள். இரண்டாவது காதுக்குள் அது உங்களை அடையாளம் கண்டு கடித்துவிடவும் கூடும். அவல் பொட்டலத்தைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.