ரோடு ஏன் பேர்ந்து போகுது? கேளுங்க, சொல்கிறேன்

சாலைப் பொருள் சோதனைக்கூடத்தில் 18 வருடமாக ஜல்லியும் தாருமாகக் காலம் தள்ளுகிறேன். ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் கோவையிலிருந்து தருமபுரி வரை வந்து குவிந்துவிட்டன. எழுத முடிந்தவரை எழுதுகிறேன்.

திருப்பூர், பனியன் கம்பெனி மேற்பார்வையாளர்: அக்கா, தை மாசம் போட்ட ரோடு ஐப்பசி மழையில பேர்ந்து போச்சுங்க. தாரில் கலப்படமா?

தாரைத் திட்டுவதற்கு முன் சாக்கடையைப் பாருங்க. எங்கள் கூடத்தில் ஒரு எளிய சோதனை உண்டு. தார் பூசிய ஜல்லியைக் கண்ணாடிக் குவளையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, 40 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் வைப்போம். மறுநாள் பார்த்தால் சில கற்களின் முனையில் தார் சுருங்கி விலகி, வெறும் கல் எட்டிப் பார்க்கும். 95 சதவீதப் பூச்சாவது நிற்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுதல் அதிகம்.

உங்கள் வீதியிலும் இதே குவளை வேலைதான் நடக்கிறது. கூடுதலாக மேலே வண்டியும் ஓடுகிறது. டயர் அமுக்கும்போது இடுக்கில் நிற்கும் தண்ணீர் பீச்சியடித்துத் தாரைப் பிரிக்கும். சாக்கடை அடைத்து நாலு நாள் தண்ணீர் நின்றால் நல்ல தாரும் தோற்றுப்போகும்.

இன்னொரு சந்தேகம் சூடு. வழக்கமான தாரில் கலவை 150 முதல் 165 டிகிரியில் தயாராகும். விரிக்கும்போது 140-க்குக் குறையக் கூடாது. 90-க்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். ஒருமுறை மார்கழிக் காலையில், படுதா மூடாமல் வந்த லாரியில் தெர்மாமீட்டரைச் செருகினேன். 112. திருப்பி அனுப்பச் சொன்னேன். ஒப்பந்ததாரர், "முதல்ல டீ குடிங்க மேடம்" என்றார். ஆறின கலவை எவ்வளவு உருட்டினாலும் இறுகாது, உள்ளே இடுக்கு நிற்கும். அந்த இடுக்குதான் மழைக்கு வாசல்.

ஈரோடு, கல்லூரி மாணவி: பிளாஸ்டிக் ரோடு நிஜமாவே நல்லதா அக்கா? வெயிலுக்கு உருகாதா?

உருகாது கண்ணு. சித்திரை வெயிலில் ரோட்டின் மேல்பரப்பு 60, 65 டிகிரி போகும். கேரிபேக் பிளாஸ்டிக் உருக 100-ஐத் தாண்ட வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கொண்டுவந்த முறை இது; 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். பலரும் தாரில் பிளாஸ்டிக்கைக் கரைப்பதாக நினைக்கிறார்கள். அவர் செய்தது வேறு: 160, 170 டிகிரி சூடான ஜல்லியின் மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினார். அது கல்லின் மேல் மெல்லிய தோலாகப் படியும், அப்புறம்தான் தார். முதல் கேள்வியில் சொன்னேனே, கல்லுக்கும் தண்ணீருக்கும் உள்ள சிநேகம், அதை இந்தத் தோல் வெட்டிவிடுகிறது. ரோட்டுக்கான விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013-லேயே இதற்கு வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. பி.வி.சி. மட்டும் கூடாது, சூட்டில் நச்சு வாயு வரும்.

ஆனால் ஊர்க் குப்பையெல்லாம் ரோட்டில் தீர்ந்துவிடும் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. பிளாஸ்டிக்கின் அளவு தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு டன் கலவைக்கு நாலு கிலோவுக்குள்தான் வரும்.

சங்ககிரி, லாரி உரிமையாளர்: அனுமதிச்ச எடைக்கு மேல ரெண்டு டன் ஏத்துனா என்னங்க ஆயிடும்? டயர் நம்ம காசுதானே.

டயர் உங்கள் காசு, ரோடு எல்லார் காசுங்க. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா ஊரில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். வளையமாக ரோடு போட்டு, ராணுவ ஓட்டுநர்களை வைத்து, வெவ்வேறு பாரத்தில் லாரிகளைச் சுற்றவிட்டார்கள். அச்சின் பாரம் கூடினால் ரோட்டின் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில், அதாவது அதே எண்ணை நாலு முறை வைத்துப் பெருக்கிய அளவில், கூடுகிறது என்று தெரிந்தது. 10 டன் அச்சில் 12 டன் வைத்தால் சேதம் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கூடுவதில்லை, இரண்டு மடங்காகிவிடும். இருபது டன் வைத்தால் 16 மடங்கு. காரின் அச்சுக்கு அரை டன் என்று வைத்துக்கொண்டால், பத்து டன் அச்சு ஒருமுறை போவதும் கார் அச்சு 1,60,000 முறை போவதும் ரோட்டுக்கு ஒன்றுதான். கார்க்காரர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்படட்டும்.

உங்கள் பக்கம் நியாயமும் உண்டு. 2018-ல் அரசே நாலு டயர் அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 ஆக உயர்த்தியது. அதே கணக்கில் சேதம் 1.6 மடங்கு. பழைய எடைக்குப் போட்ட ரோடுகள் அப்படியேதான் கிடந்தன.

காங்கேயம், பெரியவர்: அம்மிணி, பேரப்பசங்க போற வழி. ஊருக்குள்ள நாங்களே ஒரு வேகத்தடை போட்டுக்கலாமா?

வேண்டாங்க ஐயா. ஊர்க்காரர் போடுவது பெரும்பாலும் ஒரு முழ அகலத்தில் சுவர் மாதிரி நிற்கும். ராத்திரி பைக்கில் பின்னால் உட்கார்ந்த அம்மா விழுவது அங்கேதான். விதிப்படி 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம்; ஒரு கார் நீளம் கிட்டத்தட்ட. 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கினால் உடம்பு குலுங்காது. பஞ்சாயத்தில் மனு கொடுங்க, முன்னாலேயே எச்சரிக்கைப் பலகையும் வெள்ளைப் பூச்சும் சேர்த்துக் கேளுங்க.

கோவை: சிக்னலை எடுத்துட்டு யூ-டர்ன் வெச்சது நல்லதா?

வண்டிக்கு நல்லது. நாலு ரோடு வெட்டும் இடத்தில் வண்டிகள் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32. நேராகக் கடப்பதையும் வலது திரும்புவதையும் எடுத்துவிட்டால் பெரும்பாலானவை போய்விடும். நடந்து கடப்பவருக்குத்தான் சங்கடம். முன்பு சிவப்பு விளக்கு தந்த அரை நிமிடம் இப்போது கிடையாது.

சேலம்: கான்கிரீட் ரோடே போட்டுடலாமே?

கீழே குழாய் பதிக்கத் தோண்டாத ஊராக இருந்தால் போடலாம்.

தருமபுரி, டெம்போ ஓட்டுநர்: தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு சொல்றாங்களே?

மிச்சமே இல்லைங்க. இப்போதைய எலக்ட்ரானிக் எஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் வரத்து நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்கக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். கியர் பிடிப்பு இல்லாததால் மொத்த பாரமும் பிரேக்கில். பிரேக் டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்குங்க.

பெருந்துறை: எங்க ஊர் பிரிவுல மாசம் ஒரு விபத்து. அபாயப் பகுதின்னு அறிவிக்க எத்தனை பேர் சாகணும்?

கோபம் நியாயம். தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய அரசின் கணக்கு இது: ஏறத்தாழ 500 மீட்டருக்குள் மூன்று வருடத்தில் உயிரிழப்போ பலத்த காயமோ நேர்ந்த 5 விபத்துகள், இல்லாவிட்டால் 10 மரணங்கள். மயிரிழையில் தப்பியது எதுவும் கணக்கில் வராது. பதிவாவதிலும் இடம் தப்பிவிடும். "பெருந்துறை அருகே" என்று எழுதினால் நாலு விபத்தும் நாலு இடமாகச் சிதறிப்போகும். விபத்துகளைப் பதிவு செய்ய சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஐராட் செயலியில் போலீஸார் இப்போது இடத்தைக் குறிக்கிறார்கள். இருந்தாலும் புகார் எழுதும்போது பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணை முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்க.