மரவேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடையை மூடிவிட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் பொழுதுபோக்காக மரவேலை செய்யலாம் என்று ஓர் இழைப்புளியும் மூன்று உளியும் வாங்கினேன். தேக்குப் பலகையை இழைத்தால் வழவழப்பு வரவில்லை, பிய்ந்து பிய்ந்து வருகிறது. கைவலிதான் மிச்சம். மெஷின் வாங்கிவிடலாமா?
– வாசகர், ரங்கூன்

பதில்: மெஷின் வேண்டாம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் ராத்திரி வேலைக்குக் கைக்கருவிதான் துணை. அடுக்குமாடியில் சத்தமும் தூசியும் பக்கத்து வீட்டாருக்கும் தொல்லை.

கோளாறு தகட்டின் கூரில் இருக்கிறது. புதுத் தகடு பெரும்பாலும் தீட்டித்தான் வேலைக்கு ஆகும். போதாக்குறைக்குத் தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு, அது கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும். முதலில் தகட்டின் தட்டையான முதுகை 1000 நம்பர் தீட்டுக்கல்லில் வைத்து, நுனியை ஒட்டிய அரை அங்குலம் ஒரே மினுமினுப்பாகும்வரை தேயுங்கள். இது ஒரு தடவை செய்தால் போதும். பிறகு சரிவுப் பக்கம்: 25 டிகிரியில் தீட்டி, கடைசி நுனியை மட்டும் 30 டிகிரிக்குத் தூக்குங்கள். முதுகுப் பக்கம் விரலை வைத்தால் நுனியின் முழு அகலத்துக்கும் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் பிசிறு வருவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் கல் இன்னும் நுனியை எட்டவே இல்லை என்று அர்த்தம். பிசிறு வந்தபின் 6000 கல்லில் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தோல்வாரில் பத்து இழுப்பு இழுங்கள். உளியையும் இப்படியே தீட்டி, மென்மையான மரத்துண்டின் வெட்டுமுனையில், அதாவது குறுக்கே அறுத்த முகத்தில், தள்ளினால் முழுச் சீவலாக வர வேண்டும். பொடியாக உதிர்ந்தால் மறுபடியும் கல்லுக்குப் போங்கள்.

பிய்வதற்கு இன்னொரு காரணம் தள்ளும் திசை. பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள். ரேகை எந்தப் பக்கம் மேலேறுகிறதோ அந்தப் பக்கமாக இழையுங்கள். இழைப்புளியில் வெட்டும் தகட்டின்மேல் பொருத்தியிருக்கும் மேல்தகடு வெட்டும் நுனியிலிருந்து 1 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். சீவல் மெல்லியதாக வரும்படி வெட்டும் தகட்டை ஏற்றிவையுங்கள். பழகுவதற்கு யமனே மரம், அதாவது நம் குமிழ், கைக்கு இதமானது. ரயில் தண்டவாளக் கட்டைக்குப் போன பியின்கடோ மரத்தின் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அதன் கடினம் தொடக்கக்காரரின் ஆசையையே போக்கிவிடும்.

கேள்வி: மாசி மாதம் தேக்கில் அஞ்சறைப்பெட்டி செய்தேன். இழுப்பு மூடி அருமையாக ஓடியது. ஆடியில் இறுகிப்போய் அசையவே மாட்டேன் என்கிறது. மரம் சரியில்லையா?
– வாசகர், மோல்மேன்

பதில்: மரத்தின்மேல் குற்றமில்லை. உங்கள் ஊரில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடும். மரம் காற்றின் ஈரத்தைக் குடித்துக் குறுக்கே அகலும். நீளத்தில் அநேகமாக மாறாது. 8 அங்குல அகலமுள்ள தேக்கு மூடியில் ஈரம் 5 சதவீதம் ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர் அகலம் கூடும். வெட்டுமுனையில் வளையங்கள் நெட்டுக்குத்தாக நிற்கும் பலகை என்றால் 1 மில்லிமீட்டர்தான், அதனால் மூடிக்கு அப்படிப்பட்ட பலகையைத் தேடி எடுங்கள். இத்தனைக்கும் மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் தேக்கு குறைவாக அசையும் மரம்.

இப்போது மூடியின் இரு ஓரத்தையும் ஒவ்வொரு சீவலாக இழைத்து, ஓடத் தொடங்கியதும் நிறுத்துங்கள். இனிமேல் வெயில் காலத்தில் செய்தால் இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டரை மில்லிமீட்டர் இடம் விடுங்கள், மழைக்காலத்தில் செய்தால் அரை மில்லிமீட்டர் போதும். மேல்பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஈரம் இழுக்காவிட்டால் பலகை வளையும்.

கேள்வி: நான் செய்த மணையைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் கட்டில் கேட்டார்கள். மறுக்க முடியவில்லை. முன்பணமும் வாங்கிவிட்டேன். இரண்டு கட்டில் பாதியில் கிடக்கின்றன. உளியைத் தொடவே மனம் வரவில்லை.
– வாசகர், பெகு

பதில்: முன்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுத்து, அறுத்த மரத்தோடு வேலையை ஓர் ஆசாரியிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவருக்கு அது பிழைப்பு, இடமும் ஆளும் இருக்கும். ஆறடிச் சட்டத்தைப் பிடிக்கவே இன்னொரு ஆள் வேண்டும். ராத்திரி ஒரு மணி நேரத்தில் கட்டில் செய்வதென்றால் மாதக்கணக்கில் இழுக்கும், வீட்டில் நடக்க இடமிருக்காது. பொழுதுபோக்குக்கு எடுக்கும் வேலை நாலைந்து உட்காரலில் முடிய வேண்டும்: கரண்டி, தேங்காய்த் துருவி மணை, முகத்தில் பூசும் தனக்கா அரைக்கும் கல்லுக்கு நாலு கால் வைத்த தேக்குத் தட்டு. யாராவது கேட்டால், "முடிந்ததும் கொண்டுவந்து தருகிறேன், நாள் மட்டும் கேட்காதீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காசும் வாங்காதீர்கள்.

தினமும் பத்து நிமிடம் முன்னதாக நிறுத்துங்கள். தகட்டைத் துடைத்து எண்ணெய் தடவி, மறுநாள் அறுக்க வேண்டிய கோட்டை அன்றே போட்டு வையுங்கள். மறுநாள் களைத்து வந்தாலும் யோசிக்காமல் ரம்பத்தை எடுத்துவிடலாம். வேலை விட்டுப்போவது பெரும்பாலும் எங்கே தொடங்குவது என்று திகைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்.

கேள்வி: மரக் கரண்டிக்கு நல்லெண்ணெய் தடவலாமா?
– வாசகி, ரங்கூன்

பதில்: வேண்டாம், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு சேர்த்து, பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து உருக்குங்கள், நேரடியாக அடுப்பில் வேண்டாம். ஆறியதும் தடவி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். மரம் வெளுத்துத் தெரியும்போது மறுபடி தடவினால் போதும்.