இதயத்தில் ஓட்டை: சிறு வெட்டா, நெஞ்சைத் திறப்பதா?

ஆறு வயது மகளுக்கு இதயத்தின் இரு மேலறைகளுக்கு இடையிலான சுவரில் ஓட்டை. தழும்பு தெரியாத சிறு வெட்டு அறுவை நல்லதா, நெஞ்செலும்பைத் திறக்கும் பழைய முறை நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. இதே குறையோடு பிறந்த ஒரு பெண்ணின் தகப்பன்.

ஓட்டை எந்த இடத்தில் என்று முதலில் கேளுங்கள். சுவரின் நடுவில் இருந்து, சுற்றிலும் போதிய விளிம்பும் இருந்தால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். தொடை இடுக்குச் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, குடை போல் விரியும் கம்பிவலைத் தட்டுகளால் அடைத்துவிடுவார்கள். நாங்களும் அதை நம்பித்தான் போனோம். உணவுக்குழாய் வழியாக எடுத்த எக்கோவில் கதை மாறியது. உடலின் மேற்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை வந்து சேரும் மூலையில் ஓட்டை இருந்தது. வலது நுரையீரலின் சிரை ஒன்றும் இடம் மாறி அங்கேயே திறந்திருந்தது. மருத்துவர் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து, "குடையை மாட்ட இங்கே சுவரே இல்லை" என்றார்.

பிறகு வீட்டில் தழும்புச் சண்டை. வலது அக்குளுக்குக் கீழே வெட்டிச் செய்யலாமே என்றாள் மனைவி. செய்கிறார்கள்தான். ஆனால் அதுவும் திறந்த இதய அறுவையே, வாசல்தான் சின்னது. உள்ளே, இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் அதன் வேலையைச் செய்யும் அதே இதய-நுரையீரல் இயந்திரம், ஓட்டையை மூடத் தைக்கும் அதே ஒட்டு. (1953இல் ஜான் கிப்பன் அந்த இயந்திரத்தின் துணையோடு முதன்முதலில் வெற்றிகரமாக அடைத்ததும் ஒரு மேலறை ஓட்டையைத்தான்.) வாசல் குறுகினால் வேலை நேரம் நீளலாம். பெரியவர்களுக்கு இயந்திரக் குழாய்களைத் தொடை வழியாகப் போடலாம். சின்னக் குழந்தையின் ரத்தக்குழாய் அதற்குப் போதாது. முன்மார்பில் பக்கவாட்டாக வெட்டினால் பெண் குழந்தைக்குப் பின்னாளில் மார்பக வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்பதையும் மருத்துவமனையில்தான் அறிந்தோம்.

"இந்த வகை ஓட்டையை, இந்த வயதில், சிறு வெட்டில் நீங்களே எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று அறுவை மருத்துவரிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "நடுநெஞ்சில் நிறைய, பக்கவாட்டில் சிலவே" என்றார். மனைவி அதன்பின் தழும்புப் பேச்சை எடுக்கவில்லை.

நடுநெஞ்சைத்தான் திறந்தார்கள். இருமல் வந்தால் மகள் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்வாள். எலும்பு கூடும்வரை, ஆறு வாரம், அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது; முதுகையும் பிட்டத்தையும் தாங்கி அள்ளித்தான் எடுக்க வேண்டும். பேத்தியைத் தூக்க என் அம்மா ஓடிவரும்போதெல்லாம் நான் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தேன்.