சைக்கிளும் சர்க்கரையும் ஒரே வீடு

கேள்வி: எங்கள் ஊர் சர்க்கரை ஆலை, அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ் சைக்கிள், தம்பி வண்டி வாங்கிய சோழமண்டலம் கடன் எல்லாம் ஒரே குடும்பத்துச் சொத்து என்கிறார் என் வீட்டுக்காரர். நிஜமா?
– நெல்லிக்குப்பம் வாசகி

பதில்: வீட்டுக்காரர் சொன்னது சரிதான் அம்மா. முருகப்பா குழுமம். வயலுக்கு குரோமோர் உரம் போட்டிருந்தால் அதுவும் அவர்களுடையதே. ஆனால் 'சொத்து' என்று சொல்ல முடியாது. பெரிய கம்பெனிகள் பங்குச் சந்தையில் இருக்கின்றன, ஊரார் பணமும் அதில் உண்டு. பிடி மட்டும் குடும்பத்தின் கையில்.

பள்ளத்தூர் முருகப்ப செட்டியார் 1900-ல் பர்மாவின் மௌல்மேனில் லேவாதேவி தொடங்கினார். 1930-களிலேயே போட்ட பணத்தை ஊருக்குத் திருப்பத் தொடங்கிவிட்டார்கள். 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது வரவேண்டிய கடனையும் நிலத்தையும் போட்டுவிட்டு நடந்தே வந்த நம்மவர்கள் எத்தனையோ பேர். இந்த வீடு பிழைத்ததற்கு அந்த முன்யோசனைதான் காரணம் என்பேன்.

சைக்கிள் 1949-ல் வந்தது, இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டு. 1954-ல் உப்புத்தாள், சாணைக்கல் என்று கார்போரண்டம் யுனிவர்சல். அதிலும் வெளிநாட்டுக் கூட்டாளிகள். தெரியாத தொழிலா, தெரிந்தவனைச் சேர்த்துக்கொள். வட்டிக்கடையில் ஆளை எடைபோட்ட பழக்கம்தான் இது. (அம்பத்தூரில் செய்த அந்த ஹெர்குலிஸில்தான் நானும் குரங்குப்பெடல் பழகினேன். முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது.)

உங்கள் ஆலை பாரி கம்பெனியோடு வந்தது. 1788-ல் தாமஸ் பாரி தொடங்கியது. சென்னையில் பாரிமுனை என்கிறோமே, அவர் பெயர்தான். நஷ்டத்தில் தள்ளாடிய அதை 1981-ல் வாங்கினார்கள். பாரிமுனை டேர் ஹவுஸ்தான் இன்று குழுமத்தின் தலைமையகம். அப்புறம், பாரிவேர் பீங்கானைக் கேட்காதீர்கள், அது ஸ்பெயினின் ரோகாவிடம் போய்விட்டது.

கேள்வி: இவ்வளவு பெரிய வீட்டில் பெண்களுக்கு நாற்காலி உண்டா?
– காரைக்குடி வாசகர்

பதில்: குசும்பான கேள்வி. குடும்பத்தின் எம்.வி. முருகப்பன் 2017-ல் காலமானார். அவருக்கு மகள்கள்தான். மூத்தவர் வள்ளி அருணாசலம், அணுசக்திப் பொறியியலில் முனைவர். குடும்பத்தின் முதலீட்டுக் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் இயக்குநர் இடம் கேட்டார். 2020-ல் ஓட்டெடுப்பு நடந்தது. 91 சதவீதத்துக்கும் மேல் எதிர் ஓட்டு. அப்பாவின் பங்கு மகள்களுக்கு வரலாம், நாற்காலி வரக்கூடாதாம்! அதே 2020-ல்தான் கடனில் மூழ்கிக்கிடந்த சிஜி பவர் என்ற மின்கருவிக் கம்பெனியைத் துணிந்து வாங்கி நிமிர்த்தினார்கள். அந்தத் துணிச்சலில் கால்வாசி இங்கேயும் காட்டியிருக்கலாம்.

வழக்கு, வாய்தா என்று இழுத்து, 2023-ல் சமரசம் செய்துகொண்டார்கள்.